மலையேறிய ஹெரால்ட்



வரலாறு பற்றிப் பேசுக என்று வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தபோது, சோழரைப் பற்றியோ விசயநகரத்தாரைப் பற்றியோ நான் பேசுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் அவர்களைப் பற்றிப் பேசிவிட்டேன். இன்று என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஒரு பழைய மோட்டார் காரின் வரலாற்றைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இதைக் கேட்டுச் சிலர் நகைப்பீர்கள். என் மனைவியும் நகைத்தாள். ஆயினும் ஒரு நாட்டின் பொருளாதாரக் கொள்கை, ஒரு மலைநாட்டின் பாதை, ஓர் ஆசிரியனின் சம்பளம் ஆகிய மூன்றும் ஒரே பொருளில் வந்து கூடுமானால், அப்பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தக் கார் 1969 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நான்கு கதவு உடையது. 1993 ஆம் ஆண்டின் இறுதியில், சின்னசேலத்தில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரிடமிருந்து பதினாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது நான் கள்ளக்குறிச்சியில் பட்டதாரி ஆசிரியன். அதுவரை என் வாகனம் சைக்கிள். அந்தத் தொகை என் நான்கு மாதச் சம்பளத்துக்குச் சற்றேறக்குறைய ஒக்கும். நான்கு மாதச் சம்பளத்தில் ஓர் ஆசிரியன் கார் வாங்கினான் என்பது எங்கள் தெருவில் பெருஞ்செய்தியாயிற்று. அது எவ்வாறு இயன்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடுதலைக்கு முன்னர் இந்தியாவில் ஓடிய கார்களெல்லாம் அயல்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. அல்லது அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பொருத்தியவை. அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 ஆம் ஆண்டிலேயே பம்பாயில் அத்தகைய தொழிற்சாலை ஒன்றை நடத்தலாயிற்று. விடுதலைக்குப் பின் நமது அரசு வேறு கொள்கை வகுத்தது. பாகங்களை வரவழைத்து முடுக்குவது மட்டும் போதாது, அவற்றைப் படிப்படியாக இங்கேயே செய்ய முன்வருவோருக்கே இடம் என்று 1953 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. அயல்நாட்டார் பலர் வெளியேறினர். கார் செய்வோராக எஞ்சி நின்றவர் மூவர்: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். இம்மூன்றாமது நிறுவனம் 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கூட்டுறவோடு தோன்றியது. முதலில் வான்கார்ட் என்னும் பெரிய காரையும், பின்னர் எட்டு, பத்து என்று எண்ணால் வழங்கிய சிறிய கார்களையும் செய்து, 1961 ஆம் ஆண்டில் ஹெரால்டைச் செய்யத் தொடங்கிற்று.

மூவர் மட்டுமே செய்தனர். செய்த எண்ணிக்கையும் குறைவு. விலையை அரசு கட்டுப்படுத்தியது. விளைவு யாதாக இருக்கும்? பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தந்தை பதிவு செய்த காரை மகன் ஓட்டினான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இதில் ஒரு விந்தையும் உண்டு. புதிய காருக்கு நெடுநாள் காத்திருக்கவேண்டும்; ஓடிய காரோ கையில் உடனே கிடைக்கும். ஆகவே சில காலம் ஓடிய காரின் விலை, புதியதற்கு அரசு குறித்த விலையைவிட மிகுந்திருந்ததும் உண்டு! அக்காலத்தில் "மலிவான பழைய கார்" என்னும் சொற்றொடருக்கே பொருள் கிடையாது. பழையது இருந்தது, மலிவு இல்லை.

அந்நிலையை மாற்றியது 1983 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. குட்டிக் கார், குறைந்த எரிபொருள், எளிதில் ஓட்டலாம். அதன் பின் பழைய கார்களை ஏறெடுத்துப் பார்ப்பார் குறைந்தனர். எங்கள் வண்டலூர் நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்ட் 2000 என்றொரு பெரிய காரைக் கொண்டுவந்து ஈடுகொடுக்க முயன்றது. மேலே இங்கிலாந்தின் ரோவர் காருடைய அழகிய உடல். உள்ளேயோ பழைய வான்கார்டின் வழிவந்த எஞ்சின். கிழவனுக்குச் சரிகைத் தலைப்பாகை கட்டினால் நடை மாறுமா? 1988 ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. 1993 ஆம் ஆண்டு மே மாதத்தில் கார் உற்பத்திக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று அரசு அறிவித்தது. அவ்வாண்டு இறுதியில்தான் நான் சின்னசேலத்து மருத்துவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விலை பேசினேன். செய்தவர்களே கைவிட்டுவிட்ட காரை யார் வாங்குவார்? ஆசிரியன் வாங்குவான்!

இனி அந்தக் காரைச் சற்று அருகில் சென்று பார்ப்போம்.

ஹெரால்ட் 1959 ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தில் டிரயம்ப் என்ற பெயரோடு பிறந்தது. அதன் உருவை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அக்காலத்துப் புதிய கார்களில் பல, உடலும் சட்டமும் ஒன்றாக இணைந்த பெட்டிபோல் செய்யப்பட்டன. ஹெரால்ட் மட்டும் பழைய முறையில் தனிச் சட்டத்தின்மேல் உடலைத் துண்டு துண்டாக மறையாணி கொண்டு முடுக்கிச் செய்யப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? அக்கம்பெனிக்கு உடல்பகுதி செய்துகொடுத்து வந்த நிறுவனத்தை 1953 ஆம் ஆண்டில் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்துதர ஆளில்லாமற் போகவே, பல இடங்களிற் செய்த சிறு துண்டுகளைக் கூட்டிச் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே நேர்ந்த நெருக்கடி பல்லாயிரம் மைலுக்கு அப்பால் எனக்கு நன்மையாய் முடிந்தது. எந்தத் துண்டு துருப்பிடித்தாலும் அதை மட்டும் கழற்றலாம். டிங்கர் கடையில் தட்டி நிமிர்த்திப் பட்டி பார்த்து மீண்டும் முடுக்கலாம்.

மற்றொரு சிறப்பும் உண்டு. முன்சக்கரத்து மட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டாக முன்புறம் சாயும். அப்படிச் சாய்த்துவிட்டால் எஞ்சின் முழுவதும், முன்சக்கரங்கள் உட்பட, திறந்த புத்தகம்போல் கண்முன் நிற்கும். முன்சக்கரத்து டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே பிளக்கைத் துடைக்கலாம், பாயிண்டை உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாம். நான் எட்டாம் வகுப்பு மாணவருக்கு உள்ளெரி எஞ்சின் பாடத்தை இவ்விதமே கற்பித்தேன். கரும்பலகையில் படம் வரைந்து சொன்னபோது கொட்டாவி விட்டவர்கள், பானெட்டைச் சாய்த்ததும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பார்த்தார்கள். எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். வட்டமடித்துத் திரும்ப 25 அடி விட்டம் போதும். பெரிய கார்கள் முப்பது அடிக்கு மேல் கேட்கும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இந்தக் குணத்தின் அருமை தெரியும்.

குறைகளையும் மறைக்கலாகாது. முதல் கியர் ஓடும்போது எளிதில் விழாது. வண்டியை நிறுத்தவேண்டும், அல்லது கிளட்சை இருமுறை மிதித்து எஞ்சின் வேகத்தைப் பொருத்தவேண்டும். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும்போது இதைச் செய்யாமல் தவறினால் கரகரவென்று பல் நெறிக்கும் ஒலி எழும். வண்டியிலிருப்பவர் அனைவரும் ஓட்டுபவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். மழையில் கதவிடுக்கு வழியே நீர் கசியும். என் தாயார் காருக்குள் குடை பிடித்து உட்கார்ந்து வந்ததுண்டு. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே கமான் பட்டைக் கட்டு. வண்டியின் பின்பாரமெல்லாம் அதன்மேல் நிற்கிறது. நம் நாட்டுச் சாலைக்கும், நம்மவர் ஏற்றும் சுமைக்கும் இவ்வமைப்பு ஒவ்வாதென்று கண்டே, 1972 ஆம் ஆண்டில் ஹெரால்டுக்குப் பின் வந்த கேசல் என்னும் காரில் பின்புறத்தை இறுகிய அச்சாக மாற்றிவிட்டார்கள். என்னுடையது அதற்கு முந்தியது.

இப்போது மலைக்குச் செல்வோம். கள்ளக்குறிச்சியிலிருந்து வடமேற்கே கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து ஏறினால் கல்வராயன் மலை. வடபகுதியான சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி உயரம்; தென்பகுதியான பெரிய கல்வராயன் 4,000 அடி. அங்கே வாழ்வோருக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வந்த பெயரது; கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பர். சாமை, தினை, மரவள்ளி, புளி, கடுக்காய் ஆகியவை மலையின் விளைபொருள்.

இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்களாகப் பிரிந்திருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பட்டப்பெயருடைய மூவர் அவற்றின் தலைவர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது வழிவழி வந்த செய்தி. வெள்ளைக்காரர் காலத்திலும் அது நீடித்தது. இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் நீடித்தது. 1976 ஆம் ஆண்டு ஜூன் திங்களில்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சமவெளியில் இருந்த நாங்கள் குடியரசாகி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு! சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை அங்கே ஏன் பின்தங்கின என்று கேட்பவர் இந்த ஆண்டை மனத்தில் இருத்தவேண்டும். மலைவாசிகள் புளியையும் கடுக்காயையும் தலைச்சுமையாக இறக்கினர். நோயாளியைப் போர்வையில் தூளி கட்டி, கழியில் கோத்து, தோள்மாற்றித் தூக்கி இறக்கினர்.

நான் கார் வாங்கிய காலத்தில் வெள்ளிமலைக்குப் பேருந்து உண்டு. ஆனால் அது நம்பத்தக்கதன்று. மலைச் சிறுவர் சிலர் எங்கள் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தனர். ஊருக்குப் போனால் திரும்பிவரமாட்டார்கள். அவர்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெரால்டில் மலையேறுவது என் வழக்கமாயிற்று. உண்மையைச் சொன்னால், கடமைக்காகப் பாதி, கார் ஓட்டும் ஆசைக்காகப் பாதி. வெயிற்காலத்து ஏற்றத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டுப் புளியமரத்து நிழலில் கால்மணி காத்திருக்கவேண்டும். அந்தக் கால்மணியில் எத்தனை பேச்சு! புதுக்கார் வைத்திருப்பவர் மலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்; நின்றுவிடும் கார் வைத்திருப்பவர் மலையிலிருப்போரின் பெயர்களைத் தெரிந்துகொள்கிறார். ஒரு வளைவில் மூன்று வீடு. அவற்றின் பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளிக்கு வராதவர் யார் என்பதெல்லாம் கணக்கெடுப்பு ஏதுமின்றி எனக்குத் தெரியவந்தது இவ்வாறே. தள்ளிவிட ஆள் வேண்டுமென்றால் பத்துப் பேர் வருவார்கள். தள்ளியவர்களுக்கெல்லாம் அந்தக் காரில் பங்கு உண்டு என்பது மலையில் எழுதாத சட்டம். திரும்பும்போது அவர்களில் நால்வரையேனும் ஏற்றிக்கொள்ளாமல் இறங்க முடியாது.

அந்தச் சட்டமே ஒருநாள் என்னைத் தண்டித்தது. 1996 ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. விடுதி மாணவன் ஒருவன் வெள்ளிக்கிழமை ஊருக்குச் சென்றவன் திரும்பவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தமிழ் முதல் தாள். ஞாயிறு பிற்பகல் மலையேறினேன். பையன் புத்தகமும் கையுமாகப் புறப்பட்டு நின்றான், பேருந்துதான் வரவில்லை. அவனுடைய பாட்டி மூன்று நாளாய்க் காய்ச்சலில் கிடந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஏற்றிக்கொண்டேன். துணைக்கு அவன் தந்தையும் சிற்றப்பன்மார் இருவரும். இரண்டு மூட்டைப் புளி. "கீழே இறக்கிப் போட்டால் போதும், வாத்தியாரையா" என்றார்கள்.

அவ்வாரத்திலேதான் சங்கராபுரம் சாலையில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி, காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "கமான்ல ஒரு பட்டை வெடிச்சிருக்குங்க. மாத்துற வரைக்கும் பாரம் ஏத்தாதீங்க" என்று சொல்லியிருந்தார். சம்பளம் வரட்டும் என்று நான் தள்ளிவைத்தேன். கேட்டும் கேளாதவனாய் இருந்தவன் நானே, காரின்மேல் குற்றமில்லை. பாதி இறக்கத்தில் ஒரு வளைவில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழுந்தது. பின்புறம் ஒரு பக்கமாகத் தாழ்ந்து டயர் மட்கார்டில் உரசி நின்றது. இருட்டிவிட்டது. வேறு வண்டி ஏதும் வரவில்லை. இரவெல்லாம் கிழவியைப் பின்னிருக்கையில் கிடத்திக் காத்திருந்தோம். விடியுமுன் கம்பளியில் தூளி கட்டினார்கள். 1976 ஆம் ஆண்டு, சாலை, பேருந்து எல்லாம் அந்த ஒரு கமான் பட்டை முறிந்ததும் மறைந்து போயின. அவர்கள் பாட்டனார் இறங்கியவாறே நாங்களும் இறங்கினோம்.

நான் பையனைப் பார்த்து, "நீ முன்னே ஓடு, அடிவாரத்தில் ஏதேனும் வண்டி கிடைக்கும், தேர்வுக்குப் போய்விடு" என்றேன். தூக்க மூன்று பேர் இருந்தனர். நான்காவது தோள் வேண்டும். நான் தோள் கொடுத்துப் பார்த்தேன். இறக்கத்தில் என் கால் தடுமாறிக் கிழவி சரிந்தாள். "பாட்டிய விட்டுட்டு எப்படிங்க ஐயா போறது?" என்றான் பையன். கழியை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டான். அடிவாரம் வந்தபோது ஒன்பதரை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றில் இடம் கிடைத்துக் கள்ளக்குறிச்சி மருத்துவமனை வாயிலில் இறங்கியபோது பத்தே முக்கால். தேர்வுக்கூடத்தில் அரைமணிக்குமேல் தாமதித்தவரை அனுமதிப்பதில்லை என்பது விதி. எத்தனையோ மாணவருக்கு அந்த விதியை எடுத்துரைத்தவன் நான். அன்று அதைக் கேட்டுக்கொண்டு வாயிலில் நின்றேன்.

கிழவி பிழைத்தாள். பையன் எஞ்சிய தாள்களை எழுதினான். விட்டுப்போன தாளை அவ்வாண்டே துணைத்தேர்வில் எழுதித் தேறினான். ஆனால் அதற்குள் மேல்நிலைப் பள்ளியில் சேரும் காலம் கடந்துவிட்டது. அவன் தந்தை என்னைக் குறைகூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காரை விற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். மேஸ்திரிதான், "வித்தா வாங்குறவனும் இதே மாதிரி ஓட்டுவான். நீங்க கத்துக்குங்க" என்றார். அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் அவர் பட்டறையில் கையில் கிரீஸ் பூசிக்கொண்டு மாணவனானேன். சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்று, பழைய இரும்புக் குவியலுக்கிடையே ஹெரால்டின் கமான் கட்டு இரண்டைத் தேடி எடுத்துவந்தேன். ஒன்று காரில், மற்றொன்று இன்றும் கொட்டகையில். அதை மாட்டி முடித்து, வண்டியை நிலத்தில் இறக்கி, அது நேராக நின்றதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியை, முதன்முதல் காரை வாங்கிய நாளில் நான் அடையவில்லை. அதற்குமுன் என்னிடம் கார் இருந்தது. அதன்பின் எனக்குக் கார் தெரியும். வண்டியின் ஒவ்வோர் ஒலிக்கும் காரணம் கேட்கப் பழகினேன். வால்வின் டிக்டிக், டைனமோ பெல்ட்டின் கீச்சொலி, சைலன்சர் தளர்ந்த கடகடப்பு என்று காது பிரித்தறியும். வேலைக்கு ஆன செலவு சொற்பம். தவறு செய்தாலும் பெருநட்டம் இல்லை. விலையுயர்ந்த பொருளின் அருகில் இந்த உரிமை யாருக்குக் கிடைக்கும்?

2000 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் தொட்டு நாடெங்கும் ஈயமில்லாத பெட்ரோலே விற்கப்பட்டது. குழந்தைகளின் உடல்நலத்துக்கு அது பெருநன்மை. பழைய எஞ்சின்களிலோ, வால்வு அமரும் இடம் தேயாமற் காத்துவந்தது அந்த ஈயந்தான். ஹெட்டைக் கழற்றிக் கடினமான வளையங்கள் பதித்தோம். 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் அறுநூறு ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. பழைய வண்டிகளைக் கழிக்கச் செய்யும் கொள்கை அது. புகையை எண்ணினால் அதில் நியாயம் இல்லையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயினும் ஒரு புதிய காரைச் செய்ய உருக்கும் இரும்புக்கும் எரியும் நிலக்கரிக்கும் கணக்குண்டு. மாதத்தில் இருமுறை ஓடும் கிழட்டு வண்டியின் புகையை அதனோடு வைத்து நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. 2024 ஆம் ஆண்டில் கட்டணத்தைச் செலுத்திப் புதுப்பித்தேன். யானை வாங்கியவன் அங்குசத்துக்குத் தயங்கலாமா?

கள்ளக்குறிச்சி 2019 ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. எங்கள் ஊரில் இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூளி கட்டி இறக்கிய பாதையில் அந்தப் பையன், இன்று நாற்பதைக் கடந்தவர், பொங்கல்தோறும் திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறார். அங்கே பனியன் ஆலையில் வேலை. சென்ற பொங்கலுக்கு வந்தவர், மகளை ஹெரால்டில் வெள்ளிமலைக்கு அழைத்துச் செல்ல விரும்புவதாகச் சொன்னார். புறப்படுமுன் என்னைக் கேளாமலே காரின் பின்புறம் குனிந்து, கமான் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சாவியை அவரிடம் கொடுத்தேன். நான் பின்னிருக்கையில் அமர்ந்தேன். கோமுகி அணை தாண்டி முதல் வளைவு ஏறும்போது கியர் கரகரத்தது. அவர் மகள் திரும்பித் தந்தையைப் பார்த்தாள். "வண்டிய நிறுத்திட்டுப் போடணும், பாப்பா" என்றார் அவர், நிறுத்தினார், போட்டார், ஏறினோம்.